பொத்தான் வைத்த கார்டிகன் பின்னுதல்: மாதிரித் துண்டு முதல் பொத்தான் வரை

மேற்குச் சிட்னியில் யூலை மாதக் காலைகளில் வெப்பநிலை 5 அல்லது 6 பாகைக்கு இறங்குவது வழக்கம். ஊரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த பெற்றோருக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கும் சுவெற்றர் பெரும்பாலும் தலைவழியே அணிவதாக அமைந்துவிடுகிறது. தோள்மூட்டு வலியுள்ளவர் அதற்காக இரு கைகளையும் உயர்த்த வேண்டியிருக்கும். சேலை உடுத்தியவருக்கோ தலைப்பு கலையும். முன்புறம் திறந்து பொத்தான் இடும் கார்டிகனில் இவ்விரு இடர்களும் இல்லை. மப்ளர் ஒன்றிரண்டு பின்னி முடித்து, நிட், பர்ல் என்னும் இரு கண்ணிகளையும் அறிந்தவர்கள் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆடையும் இதுவே.

இவ்வாடைக்கு மொஸ் பின்னல் ஏற்றது. ஒரு நிட், ஒரு பர்ல் என மாறி மாறிப் பின்னி, அடுத்த வரிசையில் அவற்றை இடம் மாற்றினால் தானியம் பரப்பியது போன்ற மேற்பரப்பு உண்டாகும். இரு பக்கமும் ஒன்றுபோலத் தோன்றும்; ஓரங்கள் சுருளா. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கண்ணிகளை ஏற்றினால் ஒவ்வொரு வரிசையும் நிட்டில் தொடங்கி நிட்டில் முடியும். அமெரிக்கப் பின்னற் குறிப்புகளில் இதற்குப் பெயர் சீட் பின்னல். அவர்கள் மொஸ் என்று அழைப்பது சற்றே வேறான பின்னல். எனவே பெயரை நம்பாமல் வரிசைகளின் விளக்கத்தைப் படித்துக்கொள்வது நலம்.

ஊசி எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. பழைய பிரித்தானிய, அவுஸ்திரேலியக் குறிப்புகளில் 8ஆம் எண் ஊசி என்பது 4 மில்லிமீற்றர். அமெரிக்கக் குறிப்பில் அதே 8ஆம் எண் 5 மில்லிமீற்றர். மில்லிமீற்றர் அளவை மட்டும் பார்த்து வாங்கினால் தவறு நேராது. நூலைப் பொறுத்தவரை இங்கு 8 பிளை என விற்கப்படுவதும், வெளிநாட்டுக் குறிப்புகளில் டிகே எனக் குறிக்கப்படுவதும் ஏறத்தாழ ஒரே பருமன் உடையவை.

தொடக்க நிலையினர் பலரும் தவிர்க்க விரும்புவது மாதிரித் துண்டு. அதைத் தவிர்ப்பதாலேயே பல வார உழைப்பு வீணாகிறது. குறிப்பில் 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணிகள் எனக் கூறப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 50 சென்ரிமீற்றர் அகலமுள்ள முதுகுப் பகுதிக்கு 101 கண்ணிகள் ஏற்ற வேண்டும். பின்னுபவரின் கை சற்றுத் தளர்வாக இருந்து 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணிகளே வந்தால் அந்த 101 கண்ணிகள் 56 சென்ரிமீற்றர் ஆகிவிடும். முன்பகுதியும் அவ்வாறே அகல, மார்புச் சுற்றளவில் 12 சென்ரிமீற்றர் கூடிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசம் ஒருவருடைய ஆடையை மற்றொருவருடையதாக்கிவிடுகிறது. மாதிரித் துண்டை 15 சென்ரிமீற்றர் சதுரமாக, மொஸ் பின்னலிலேயே பின்ன வேண்டும். வழவழப்பான சாதாரணப் பின்னலைவிட மொஸ் பின்னல் அகன்றும் குட்டையாகவும் அமையும் என்பதால் ஒன்றின் அளவு மற்றதற்குப் பொருந்தாது. துண்டைக் கழுவி, தட்டையாக உலர்த்தி, அதன் நடுவில் அளக்க வேண்டும். கண்ணிகள் குறைவாக இருந்தால் மெல்லிய ஊசிக்கும், கூடுதலாக இருந்தால் தடித்த ஊசிக்கும் மாறலாம். இறுக்கிப் பின்னிச் சரிசெய்துவிடலாம் என எண்ணுவது பயனற்றது. பத்து வரிசைக்குள் கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

உடலளவை எடுக்கும்போது, சேலைக்கு மேல் அணிபவரைச் சேலை உடுத்திய நிலையிலேயே அளப்பது சிறந்தது. அவ்வளவோடு 5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை சேர்த்துக்கொள்ளலாம். நன்கு பொருந்தும் பழைய கார்டிகன் ஒன்று வீட்டில் இருந்தால் அதனை மேசைமேல் விரித்து அளப்பது இன்னும் எளிது. நடுத்தர அளவு ஆடைக்கு 8 பிளை நூல் ஏறத்தாழ 500 முதல் 650 கிராம் வரை தேவைப்படும். உருண்டையைச் சுற்றியுள்ள காகிதப் பட்டையில் சாயத்தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கும். எல்லா உருண்டைகளும் ஒரே எண் உடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒரு கை மட்டும் நிறம் மாறித் தெரியும்.

முதுகு, இரு முன்பகுதிகள், இரு கைகள் என ஐந்து துண்டுகளாகப் பின்னுவது தொடக்க நிலையினருக்கு வசதியானது. கைக்குழியில் கண்ணிகளைக் குறைக்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுவர். இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று குறைந்ததும் வரிசையின் முதற்கண்ணி நிட்டிலிருந்து பர்லுக்கு மாறிவிடும். அவ்விடத்தில் எண்ணிக்கையை விட்டுப் பின்னலைப் பார்த்துச் செல்ல வேண்டும்: புடைத்துத் தெரியும் கண்ணியின் மேல் நிட், தட்டையாகத் தெரியும் கண்ணியின் மேல் பர்ல். இந்த ஒரு விதி கைவந்துவிட்டால் கழுத்து வளைவும் கடினமாக இராது.

பொத்தான் பட்டிக்கு முன்பகுதியின் ஓரத்திலிருந்து மெல்லிய ஊசியால் கண்ணிகளை எடுக்க வேண்டும். வரிசைக்கு ஒன்று வீதம் எடுத்தால் பட்டி அலைபோல் நெளியும். மிகக் குறைத்தால் முன்பகுதி சுருங்கி மேலேறும். மொஸ் பின்னலில் மூன்று வரிசைக்கு இரண்டு கண்ணிகள் என்பது பெரும்பாலும் பொருந்தும். பெண்களின் ஆடையில் துளைகள் வலப்புறத்திலும், ஆண்களின் ஆடையில் இடப்புறத்திலும் அமைவது மரபு. பொத்தான் தைக்கும் பட்டியை முதலில் முடித்து, மேல், கீழ்ப் பொத்தான்களின் இடங்களைக் குறித்த பின் இடைவெளியைச் சமமாகப் பகிர வேண்டும். சிறு பொத்தானுக்கு நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி, அடுத்த இரு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் போதுமான துளை கிடைக்கும். விரல் மூட்டுகளில் வலியுள்ள முதியவருக்குச் சிறு பொத்தான் தொல்லையே. அவருக்கு 25 மில்லிமீற்றர் அளவுள்ள தட்டையான பொத்தான்களைத் தெரிந்து, மூன்று அல்லது நான்கு கண்ணிகளை ஒரு வரிசையில் முடித்து, அடுத்த வரிசையில் அதே எண்ணிக்கையை மீண்டும் ஏற்றிப் பெரிய துளை அமைக்கலாம். எடை மிகுந்த பொத்தான்கள் பட்டியைத் தொங்கச் செய்யும்.

துண்டுகளைத் தைக்கும் முன் ஈரப்படுத்தி, அளவுக்கேற்ப விரித்து உலர்த்த வேண்டும். இயந்திரத்தில் கழுவலாம் எனப் பட்டையில் குறிப்பிடப்படாத கம்பளி நூல், வெந்நீரில் இட்டால் சுருங்கித் தடித்துவிடும். அதனை மீட்க இயலாது. ஆடையைப் பரிசளிப்பவர் அந்தக் காகிதப் பட்டையையும் உடன் கொடுப்பது நன்று.

பின்னல் நூல்களை மாநகர சபை நூலகங்களில் இரவல் பெறலாம். பின்னற் குழு கூடும் நாளை அறிய விரும்புவோர், 131 450 என்னும் எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, மாநகர சபையுடன் இணைக்குமாறு கோரலாம். பாதியில் நின்றுபோன பின்னல் இருந்தால் அதனையும், காகிதப் பட்டையையும், ஊசிகளையும் குழுவுக்கு எடுத்துச் செல்லலாம்.