தலைக்கு மேலே 31,000 டன் தழைச்சத்து

இயற்கை விவசாயத்துக்கு மாற நினைக்கிறவங்க என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "யூரியாவை விட்டுட்டா தழைச்சத்துக்கு எங்கண்ணே போறது?" நான் வானத்தைக் கை காட்டுவேன். கிண்டல் பண்றேன்னு நினைப்பாங்க. கிண்டல் இல்லை, கணக்கு.

ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். மிச்சத்தில் பெரும்பகுதி, எதோடும் ஒட்டாத ஆர்கான். கரியமில வாயு வெறும் 0.04 பங்குதான். அந்தச் சிட்டிகையிலிருந்துதான் நெல்லும் வைக்கோலும் உடம்பு கட்டுகின்றன.

காற்றுக்கும் எடை உண்டு. ஒரு சதுர மீட்டர் நிலத்தின் மேல் 10 டன்னுக்குச் சற்று அதிகமாகவே காற்று நிற்கிறது. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எடையில் முக்கால் பங்கு நைட்ரஜன் என்று போட்டால், ஏக்கருக்குச் சுமார் 31,000 டன் தழைச்சத்து! 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோ சொச்சம்.

அப்புறம் ஏன் பயிர் மஞ்சளடிக்குது? காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புப் போட்டு இறுகக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன. பயிருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. மின்னல் கொஞ்சம் பிரித்து மழையோடு இறக்கும். உர ஆலை பிரிக்க வேண்டுமானால் 400 டிகிரிக்கு மேல் சூடு, 100 மடங்குக்கு மேல் காற்றழுத்தம், பெரும்பாலும் இயற்கை எரிவாயு, இத்தனையும் வேணும். அதே வேலையை ரைசோபியம் நம்ம மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. கூலி, வேர் கொடுக்கிற சர்க்கரை.

நான் மாறிய முதல் வருஷம் தக்கைப்பூண்டு விதைத்தேன். மனசு கேக்கலை. மிச்சமிருந்த யூரியாவை அதில் வீசிட்டேன். செடி கருகருன்னு வந்தது. 40-ம் நாள் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சைத் தேட வேண்டியிருந்தது. சத்து சும்மா கிடைக்கும்போது செடி எதுக்குக் கூலி கொடுக்கும்? காசு கொடுத்து வாங்கியதையே மடக்கி உழுதேன்.

அடுத்த வருஷம் ஒன்றும் போடவில்லை. வேர் முழுக்க முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்துக்கு நிறம் தரும் பொருளின் பங்காளி அது. நைட்ரஜனைப் பிரிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்சிஜனை அளந்து விடுகிற காவல்காரன்தான் இந்தச் சிவப்பு. உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நடக்கலைன்னு அர்த்தம்.

யூரியாவில் இன்னொரு வம்பும் இருக்கு. போட்டதில் ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகும். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த மண்ணில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். நம்ம பக்கம் மேகமும் மழையும் நடப்பது தரையிலிருந்து சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்குள்ளேதான். அம்மோனியாவை அங்கேயே மழை கழுவி இறக்கிவிடும். நைட்ரஸ் ஆக்சைடு அப்படிக் கரைந்து இறங்காது. நூறு வருஷத்துக்கு மேல் தங்கி, சூட்டைப் பிடித்து வைக்கும். எடைக்கு எடை கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு. மெல்ல அடுத்த அடுக்குக்கு ஏறி அங்கிருக்கும் ஓசோனையும் அரிக்கும். தழையுரத்திலும் தொழுவுரத்திலும் இந்த வாயு கொஞ்சம் வரத்தான் செய்யும், மறைக்கத் தேவையில்லை. வயலில் தண்ணீர் தேங்க விடாதீங்க.

இந்தப் பட்டத்தில் உளுந்தோ தக்கைப்பூண்டோ போட்டிருந்தால், 35-ம் நாள் ஐந்தாறு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணியில் அலசி, முடிச்சைக் கீறிப் பாருங்க. முடிச்சே இல்லையென்றால், அடுத்த முறை அந்தப் பயிருக்கான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைச்சுடுங்க.