'பிரபாத்' முதல் 'அவியல்' வரை: இசைக்குழுக்களின் பெயர்கள் மாறியது எப்படி?

புனே: அனந்த சதுர்த்தசி நாளில், விநாயகர் சிலைகள் கரைக்கப்படுவதற்காகக் கொண்டுசெல்லப்படும் ஊர்வலத்தைக் காண புனே நகரின் லட்சுமி சாலையில் நிற்பவர்கள், இசைக்குழுப் பெயர்களின் வரலாற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம். கோட்டும் தொப்பியும் அணிந்து டிரம்பெட் ஊதிவரும் பழைய பேண்டு வாத்தியக் குழுக்களின் பெயர்கள் 'பிரபாத்', 'தர்பார்', 'நியூ கந்தர்வா' என்றிருக்கும். தோல்-தாஷா எனப்படும் முரசுக் குழுக்களில் முன்னோடிகளின் பெயர்கள் 'ஞான பிரபோதினி', 'ரமணபாக்'. அவர்களுக்குப் பின் வந்தவர்களோ 'சிவகர்ஜனா', 'ருத்ரகர்ஜனா', 'சிவமுத்ரா', 'நாதபிரம்மா' என்று பெயர் சூட்டிக்கொண்டனர்.

இவை ஒரே தெருவில், ஒரே நாளில் ஒலிக்கும் பெயர்கள். ஆயினும், ஒவ்வொரு வகையும் வெவ்வேறு மனிதர்களை நோக்கிப் பேசுகிறது. யாரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் இசைக்குழு கருதுகிறதோ, அதற்கேற்பவே அதன் பெயர் அமைகிறது. இந்தியாவிலும் உலக அளவிலும் பெயரிடும் வழக்கம் மாறிவந்ததை இந்தக் கோணத்தில் பார்த்தால் எளிதில் விளங்கும்.

கடைப் பலகையும் பள்ளிக்கூடமும்

'பிரபாத்' என்றால் விடியல். 'தர்பார்' என்றால் அரசவை. திருமண வீட்டார் பலகையைப் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டும் என்பதால், மங்கலமும் ஆடம்பரமும் தொனிக்கும் சொற்களை பேண்டு வாத்தியக் குழுக்கள் தேர்ந்தெடுத்தன. வாசிப்பவர்களின் பெயருக்கு அங்கே இடமில்லை. இந்த வகைக் குழு தமிழர்களுக்கும் புதிதன்று. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையிலேயே ஐரோப்பியக் கருவிகளை இசைக்கும் 'தஞ்சாவூர் பேண்டு' இருந்தது. 'பேண்டு' என்ற சொல் தமிழில் நிலைத்ததும் கிட்டார் வழியாக அல்ல, இத்தகைய ஊர்வல இசை வழியாகத்தான்.

தோல்-தாஷா குழுவை மராத்தியில் 'பதக்' என்பர். அணி என்பது பொருள். தொடக்ககால பதக்குகள் பலவும் கல்வி நிலையங்களைச் சார்ந்தே உருவாயின. 'ரமணபாக்' என்பது புனேயின் நியூ இங்கிலீஷ் பள்ளி அமைந்துள்ள இடத்தின் பெயர். திலகர் உள்ளிட்டோர் 1880-இல் தொடங்கிய பள்ளி அது. மாணவர்கள் முரசு கொட்டினர்; பள்ளியின் பெயரே குழுவின் பெயராயிற்று. இதற்கு எதிர்பாராத ஓர் இணை லிவர்பூலில் உள்ளது. ஜான் லெனன் 1956-இல் தொடங்கிய குழுவின் பெயர் 'குவாரிமென்'. அவர் படித்த குவாரி பேங்க் பள்ளியிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் குழுதான் 1960-இல் 'பீட்டில்ஸ்' ஆனது.

பள்ளி என்ற அடையாளம் நீங்கி, நகரம் முழுவதிலுமிருந்து இளைஞர்களும் பெண்களும் பதக்குகளில் சேரத் தொடங்கியபோது, பெயரும் முழக்கமாக மாறியது. 'சிவகர்ஜனா' என்பதில் உள்ள 'சிவ' சிவபெருமானைக் குறிக்கிறதா, சத்ரபதி சிவாஜியைக் குறிக்கிறதா என்று கேட்டால், மகாராஷ்டிராவில் இரண்டும் என்பதே விடை. மொழிபெயர்ப்பாளருக்குத் தலைவலி தரும் இந்த இரட்டைப் பொருள்தான் அந்தப் பெயரின் பலம். 'சிவமுத்ரா'வில் அந்த ஐயம் குறைவு. சிவாஜியின் அரச முத்திரையை நினைவூட்டும் சொல் அது.

அண்ணன் தம்பிகளும் 'தி' என்ற சொல்லும்

தமிழ்நாட்டில் தொடக்கத்தில் உறவுமுறையே பெயராக இருந்தது. பாவலர் வரதராஜனும் அவருடைய தம்பிகளும் மேடைதோறும் பாடிய குழுவின் பெயர் 'பாவலர் பிரதர்ஸ்'. அந்தத் தம்பிகளில் ஒருவரே இளையராஜா. அமெரிக்காவிலும் அக்காலத்தில் 'கிளென் மில்லர் ஆர்க்கெஸ்ட்ரா', 'பில் ஹேலி அண்ட் ஹிஸ் காமெட்ஸ்' என்று தலைவரின் பெயரே முன்னால் நின்றது.

1960-களில் இவ்வழக்கம் உடைந்தது. பீட்டில்ஸின் வெற்றிக்குப் பின், தலைவர் என்று ஒருவர் இல்லாத, நண்பர்கள் நால்வர் சேர்ந்த குழு என்பதை உணர்த்தும் பன்மைப் பெயர்கள் பரவின. பம்பாயில் 'தி சேவேஜஸ்', ஷில்லாங்கில் 'தி ஃபென்டோன்ஸ்' போன்ற குழுக்கள் தோன்றின. சிகரெட் நிறுவனம் ஒன்று நடத்திய 'சிம்லா பீட்' போட்டியின் 1970, 1971 இசைத்தட்டுகளில் உள்ள பெயர்ப் பட்டியலைப் படித்தால், லண்டன் இசைத்தட்டு ஒன்றின் அட்டையைப் படிப்பது போலவே தோன்றும். மலேசியாவின் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் என்ற தமிழ்ச் சகோதரர்கள் மலாய் மொழிப் பாடல்களால் புகழ்பெற்றனர். அவர்களுடைய குழுவின் பெயரும் 'அலிகேட்ஸ்' என்ற ஆங்கிலப் பன்மைதான்.

இந்த 'தி' தமிழில் எழுதும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு முன் அப்படி ஓர் ஒட்டு தமிழுக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ, உலகில் இவர்கள் ஒருவரே என்ற மிடுக்கை அந்தச் சிறு சொல் தந்தது.

சொந்த மொழிக்குத் திரும்பிய பெயர்கள்

முதலில் திரும்பியது கொல்கத்தா எனலாம். 1975-இல் உருவான 'மொஹினேர் கோராகுலி', அதாவது 'மொஹினின் குதிரைகள்', தன் பெயரை வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்டது. பெருவாரியான குழுக்கள் இந்த வழிக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1984-இல் மும்பையில் தொடங்கிய 'ராக் மெஷின்', எந்த நாட்டுக் குழுவும் சூட்டிக்கொள்ளக்கூடிய அந்தப் பெயரை 1993-இல் கைவிட்டு, சிந்து நதியை நினைவூட்டும் 'இண்டஸ் கிரீட்' என்று மாறியது. டெல்லியில் 'இந்தியன் ஓஷன்', 'பரிக்ரமா' ஆகிய குழுக்கள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான்.

அதன்பின் பெயர்கள் வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் நுழைந்தன. கேரளத்தின் 'அவியல்' சமையலறையிலிருந்து வந்தது. கொச்சியின் 'தைக்குடம் பிரிட்ஜ்' ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். பெங்களூருவின் 'அகம்' குழுவின் பெயர் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாதது. புனேயைத் தளமாகக் கொண்ட 'அக்னி' குழு, தமிழ்ப் பாடகர் மோகன் கண்ணனின் குரலால் நாடெங்கும் அறியப்பட்டது. அதன் பெயர் சமஸ்கிருதச் சொல்.

இது ஒருவழிப் பயணமாக அமையவில்லை. அதே புனேயிலிருந்து ஆங்கிலத்தில் பாடும் 'ஈஸி வாண்டர்லிங்ஸ்' குழுவும் வந்துள்ளது. 2010-இல் புனேயில் தொடங்கிய 'என்.எச்.7 வீக்கெண்டர்' விழாவில் இரு வகைக் குழுக்களும் மேடையேறின. விழாப் பெயரில் உள்ள என்.எச்.7 என்ற எண், வாரணாசியிலிருந்து சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை சென்ற நெடுஞ்சாலைக்கு உரியதாக இருந்தது. அந்தச் சாலை புனே வழியாகச் செல்லவில்லை.

அறிவிப்பாக ஒரு பெயர்

சில குழுக்களுக்குப் பெயர் என்பது அலங்காரம் அன்று. மகாராஷ்டிராவில் அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் 1940-களில் நடத்திய கலைக்குழுவின் பெயர் 'லால் பாவ்டா', அதாவது செங்கொடி. குஜராத் கலவரத்தை அடுத்து 2002-இல் புனேயில் உருவான 'கபீர் கலா மஞ்ச்', மதப் பிரிவினையைச் சாடிய கபீர்தாசரின் பெயரைத் தாங்கியது. எல்கார் பரிஷத் வழக்கில் அக்குழுவின் கலைஞர்கள் சிலர் 2020-இல் கைது செய்யப்பட்டனர்.

சென்னையில் 2018 ஜனவரியில் முதன்முறையாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இதே வரிசையில் வருவது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்தாக்கமே அப்பெயரின் ஊற்று. பெயர் ஆங்கிலம், மூலம் தமிழ். சாதியை மறுக்கும் சொல்லை, அறிவிப்பாளர் உட்பட அந்தக் குழுவை அழைக்கும் ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். ஒரு பாடல் கூடப் பாடப்படுவதற்கு முன்பே அது நிகழ்ந்துவிடுகிறது.

பெயர் ஒரு சுமையாக மாறுவதும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய அடிமைமுறைக் காலத்தை நினைவூட்டுவதாக எழுந்த விமர்சனத்தால், 'லேடி ஆன்டிபெல்லம்' குழு 2020-இல் 'லேடி ஏ' என்று மாறியது. அந்தப் பெயரில் ஒரு கறுப்பினப் பாடகி ஏற்கெனவே பல ஆண்டுகளாகப் பாடிவந்ததால், விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது.

தேடுபொறிக்காக ஓர் எழுத்து

இன்று பெயரை முதலில் படிப்பது பெரும்பாலும் கணினியே. ஸ்காட்லாந்தின் 'சர்ச்சஸ்' குழு, இணையத்தில் தேடுவோருக்குத் தேவாலயங்களின் பட்டியல் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆங்கிலத்தில் 'யு' எழுத்துக்குப் பதிலாக 'வி' எழுத்தைப் பயன்படுத்துகிறது. 'அவியல்', 'அகம்', 'அக்னி' போன்ற பெயர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அவியல் என்று மட்டும் தேடினால், சமையல் குறிப்புகளுக்கு நடுவேதான் அந்தக் குழுவைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் ஒரு குழு தன் பெயரைக் காத்துக்கொள்ள விரும்பினால், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் கீழ், கேளிக்கைச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். யார் பெயரில் பதிவு செய்வது என்பதை உறுப்பினர்கள் தொடக்கத்திலேயே எழுத்துப்பூர்வமாக முடிவு செய்துகொள்வது நல்லது. 'பிரதர்ஸ்' என்று பெயர் வைத்த காலத்தில் அந்தக் கேள்வி எழ வாய்ப்புக் குறைவு. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து சேரும் குழுவினர் பிரியும்போது அதுவே முதல் கேள்வியாகிவிடும்.