கேம் ஏன் திறக்க மறுக்கிறது?

கேமைப் பதிவிறக்கி நிறுவியாகிவிட்டது. படத்தின் மேல் இரண்டு முறை தட்டினால் விளையாட்டு வரவில்லை. சின்னப் பெட்டி ஒன்றுதான் வருகிறது: 'ஓப்பன் ஏ.எல். 32 டி.எல்.எல். கிடைக்கவில்லை.' முகப்பேர் ஏரி ஸ்கீம் பக்கம் லேப்டாப் பழுதுபார்க்கும் கடைகளுக்கு "அண்ணா, கேம் ஓப்பனே ஆகல" என்று வரும் பிள்ளைகளிடம் முதலில் இந்தப் பெட்டி வந்ததா என்று கேட்க வேண்டும். வந்திருந்தால் ஸ்பீக்கரிலும் குறையில்லை, கேமிலும் குறையில்லை. கேம் நம்பியிருக்கும் ஒலி லைப்ரரி அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

லைப்ரரி என்பது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு. விண்டோஸில் அதன் கோப்புதான் டி.எல்.எல். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு போர் போடுவதில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து எல்லா வீட்டுக்கும் குழாய் வருகிறது. சத்தத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் வேலையையும் ஒவ்வொரு கேமும் புதிதாக எழுதுவதில்லை. பொது லைப்ரரியில் ஒரு பிழையைத் திருத்தினால், அதைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாக் கேம்களுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும்.

ஓப்பன் ஏ.எல். என்ற அந்த ஒலி லைப்ரரி பிறந்ததும் இப்படித்தான். அமெரிக்காவின் லோக்கி சாஃப்ட்வேர் நிறுவனம் விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும் ஒலி ஏற்பாடு தேவைப்பட்டது. 2000-இல் அது வெளிவந்தது. 2002-இல் லோக்கி மூடப்பட்டது. சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகளால் புகழ்பெற்ற சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் பொறுப்பை ஏற்றது. இன்று பெரும்பாலும் புழங்குவது கிறிஸ் ராபின்சன் வளர்த்துவரும் ஓப்பன் ஏ.எல். சாஃப்ட் என்ற திறந்தமூல வடிவம்.

அது செய்யும் வேலை அழகானது. கார்ப் பந்தயக் கேம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் எங்கே நிற்கிறார், சத்தம் எங்கிருந்து எழுகிறது என்ற இடப்புள்ளிகளையும், அவை நகரும் வேகத்தையும் கேம் சொல்லிவிடும். மற்றதெல்லாம் லைப்ரரியின் கணக்கு. தூரம் கூடினால் சத்தம் தணியும். நம்மைக் கடந்து போகும் காரின் இரைச்சல் சுருதி இறங்கும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹாரன் ஒலி மாறுவதற்குக் காரணமான அதே டாப்ளர் விளைவு. ஹெட்போன் போட்டிருந்தால் இன்னும் நுட்பம்: இடப்பக்கச் சத்தம் வலக்காதை எட்ட ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கூடுதலாகப் பிடிக்கும். ஓப்பன் ஏ.எல். சாஃப்ட்டால் அந்தத் தாமதத்தையும் உண்டாக்க முடியும். இதற்கெல்லாம் ஒலிக்கோப்பு மோனோவாக இருக்க வேண்டும். ஸ்டீரியோக் கோப்பை அது அப்படியேதான் இசைக்கும்.

பெரும்பாலும் இன்னொரு லைப்ரரியும் தேவைப்படும். சி.டி. தரத்தில் சுருக்காத ஸ்டீரியோ ஒலிக்கு விநாடிக்கு 1,76,400 பைட், அதாவது நிமிடத்துக்குப் பத்து எம்.பி.க்கு மேல் வேண்டும். பல கேம்கள் இசையை ஆக் வார்பிஸ் முறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்திருக்கும். அதை விரிக்க வார்பிஸ் லைப்ரரி வேண்டும்.

சரி, எப்படி நிறுவுவது? விண்டோஸில் கேமின் ஃபோல்டருக்குள்ளேயே முதலில் தேடுங்கள். 'ரெடிஸ்ட்' என்ற உள்ஃபோல்டரில் நிறுவி (லைப்ரரியை நிறுவும் நிரல்) பல நேரம் சும்மா கிடக்கும். இல்லையென்றால் ஓப்பன் ஏ.எல்.லின் அதிகாரபூர்வத் தளத்தில் கிடைக்கும். காணாமல்போன ஒற்றை டி.எல்.எல்.லை மட்டும் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளங்களை மட்டும் தொடாதீர்கள். டி.எல்.எல். வெறும் தகவல் கோப்பு அல்ல, அதுவும் நிரல்தான். கேமுக்குள் நுழைந்து, கேமுக்கு உள்ள அனுமதிகள் அனைத்தோடும் ஓடும். அதில் யார் எதைச் செருகியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கடைக்காரர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

லினக்ஸில் பாடு குறைவு. அரசு தந்த மடிக்கணினியே அதற்கு எடுத்துக்காட்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15.9.2011 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தை அடியொற்றிய அமைப்பு என்பதால் லைப்ரரிகள் எல்லாம் ஒரே களஞ்சியத்திலிருந்து வரும். கேமின் பெயரை ஆப்ட் கட்டளைக்குச் சொன்னால் வேண்டிய லைப்ரரிகளையும் அதுவே தேடிக் கொண்டுவரும். வெளியிலிருந்து இறக்கிய கேம் என்றால் எல்.டி.டி. கட்டளை எந்தெந்த லைப்ரரி இல்லை என்று பட்டியலிட்டுக் காட்டும். அவற்றை மட்டும் நிறுவினால் போதும். பல பிள்ளைகள் அந்த மடிக்கணினியில் விண்டோஸை மட்டுமே திறந்தார்கள் என்பது எனக்கு வருத்தம். இந்த வசதி அவர்கள் கையிலேயே இருந்தது.

நிறுவிய பிறகும் அதே பெட்டி வந்தால் பிட் கணக்கைப் பாருங்கள். 32 பிட் கேமுக்கு 32 பிட் லைப்ரரிதான் பொருந்தும், கணினி 64 பிட்டாக இருந்தாலும் சரி. 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம் 32' ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் 'சிஸ்வாவ் 64' ஃபோல்டரில் இருக்கும். பெயர் தலைகீழாக இருப்பதால் கையால் நகலெடுத்து வைக்காமல் நிறுவியிடமே விட்டுவிடுவது நல்லது. டெபியனில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்துவிட்டு 32 பிட் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேம் திறந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால், ஒலி எச்.டி.எம்.ஐ. வழியே போகிறதா, ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று ஒலி அமைப்பில் பாருங்கள்.