உங்களுக்குத் தெரியுமா? முதுகுத்தண்டு டிஸ்க் விலகினால் 2 ஆண்டு வரை பணம் கிடைக்கும்

சுங்குவார்சத்திரம் பக்கம் ஆலை வேலைக்குப் போகிறவரா? இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா? அது காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும் இல்லை. நீண்டகால நோய்களுக்கான அதன் பட்டியலில் முதுகுத்தண்டு டிஸ்க் விலகலும் இருக்கிறது.

● முதல் 91 நாள்: மருத்துவர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், சராசரி தினக்கூலியில் 70%. அதற்கு முந்தைய 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும்.

● அதன் பிறகும் வலி தீரவில்லையா? பட்டியலில் உள்ள நோய் என்றால் 80%. மருத்துவச் சான்றின் பேரில் 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். இதற்கு 2 ஆண்டு தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் தேவை.

● வேலையில் அடிபட்டதா? தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு 90%. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு.

● வீட்டில் படுத்திருக்கும் பெரியவருக்கு: இ.எஸ்.ஐ. அல்ல, தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், கட்டணம் இல்லை.

மூன்று மாதம் தாண்டிய வலியை மருத்துவம் ‘நாள்பட்ட வலி’ என்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டே ஷிப்ட் பார்க்காதீர்கள். ஸ்கேன் அறிக்கையையும் ஓய்வுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 0.75% இ.எஸ்.ஐ. சந்தா இதற்காகத்தான், கேட்டு வாங்குங்கள்.