நீல விளக்கு எரியுது... தண்ணீர் சுத்தமாகிடுச்சா?

வாட்டர் ப்யூரிஃபையரில் நீல வெளிச்சம் தெரிந்தால் போதும், நாம் டம்ளரை நீட்டிவிடுவோம். ஆனால் கிருமியை முடக்குவது அந்த நீலம் அல்ல, கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர். யுவி விளக்கு பழசாக ஆக, நீலம் எரிந்துகொண்டே இருக்கும். கதிரின் வீரியம் மட்டும் இறங்கிக்கொண்டே வரும். சிக்கலே இங்கேதான்.

உள்ளே என்ன நடக்குது?

யுவி விளக்கு கிட்டத்தட்ட நம்ம பழைய டியூப்லைட்தான். உள்ளே பாதரச ஆவி, ஆனால் வெள்ளைப் பூச்சு கிடையாது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் க்வார்ட்ஸ் போன்றவற்றில் குழாய் செய்கிறார்கள். வெளிவரும் கதிரின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். இது கிருமியின் டிஎன்ஏ-வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. அதன்பிறகு டிஎன்ஏ-வைப் பிரதி எடுக்க முடியாது. அதாவது கிருமி அந்த நொடியே செத்துவிடுவதில்லை. பெருக முடியாமல் போகிறது. பெருகாத கிருமியால் நமக்கு வயிற்றுப்போக்கு வராது.

மெட்ராஸில் ஆரம்பித்த கதை

1992-ல் மெட்ராஸில் ஒரு புதுவகைக் காலரா கிருமி கண்டறியப்பட்டது. ஓ139 என்று பெயர். வங்காளம், வங்கதேசம் வரை பரவி ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. மும்பையில் பிறந்து, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் அசோக் காட்கிலை இது உலுக்கியது. தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்தான், ஆனால் ஏழை வீட்டில் விறகுக்கு எங்கே போவது? யுவி பக்கம் திரும்பினார்.

அவர் செய்த கருவி நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டரைச் சுத்தம் செய்தது. மின்சாரம் ஒரு குண்டு பல்பு அளவுதான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, விளக்கை அவர் வைத்த இடம். தண்ணீருக்குள் வைக்கவில்லை. மேலே தொங்கவிட்டு, அடியில் தண்ணீரை ஓடவிட்டார். தண்ணீர் படாததால் விளக்கின் மேல் உப்புப் படியாது.

நம் வீட்டு ப்யூரிஃபையர்களில் பொதுவாக இப்படி இல்லை. விளக்கு ஒரு க்வார்ட்ஸ் உறைக்குள் இருக்க, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். போர் தண்ணீர் என்றால் உறைமேல் வெள்ளையாகப் படியும், கதிர் வெளியே வராது. ஃபில்டர் மாற்றியாச்சா என்று சர்வீஸ்காரரிடம் கேட்கிறோம். உறையைக் கழற்றித் துடைத்தாரா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

விளக்குக்கும் ஆயுள் உண்டு. பல விளக்குகளுக்கு இது சுமார் 9,000 மணி நேரம். எரிந்துகொண்டிருந்தாலும் கம்பெனி சொன்ன காலத்தில் மாற்றிவிடுவதுதான் சரி.

யுவி எதைச் செய்யாது?

உப்பு, ஈயம், நைட்ரேட் எதையும் எடுக்காது. டிடிஎஸ் மீட்டரில் எண் அப்படியேதான் காட்டும். கலங்கல் தண்ணீரும் ஆகாது, மண் துகளின் நிழலில் கிருமி தப்பித்துவிடும். அதனால்தான் யுவி-க்கு முன்னால் ஃபில்டர். குளோரின் மாதிரி தண்ணீரில் தங்கிக் காவல் காக்கவும் காக்காது. சுத்தமான தண்ணீரை அழுக்குக் குடத்தில் பிடித்தால், மறுபடி முதலிலிருந்துதான்.

ஆனால் குளோரினுக்கு அசராத கிருமியும் உண்டு. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்த கிரிப்டோஸ்போரிடியம் அப்படிப்பட்டதுதான். அதற்கு யுவி-யின் சின்ன டோஸே போதும் என்பது பின்னர் தெரியவந்தது. நியூயார்க் மாநகரம் இப்போது இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறது.

ஒரு விஷயம்: விளக்கு வேலை செய்யுதா என்று பார்க்க மூடியைக் கழற்றி எட்டிப் பார்க்காதீங்க. அந்தக் கதிர் கண்ணையும் தோலையும் பதம் பார்த்துவிடும்.