ஏசிக்குள் ஒரு தகரத் தவளை

கம்பத்திலிருந்து வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோ ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் பானட்டைத் திறந்து, ஏசி பிரஷர் ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றி, இரண்டு பின்னுக்கும் நடுவே ஒரு துண்டு வயரைச் செருகுகிறார். கம்ப்ரஸர் ஓடத் தொடங்குகிறது. ‘பத்து ரூபாயில் ஏசி ரெடி’ என்று எழுத்து மின்னுகிறது. கூடவே வாசகரின் கேள்வி: “சின்னமனூர், உத்தமபாளையம் எல்லாம் நன்றாக ஓடுகிற ஏசி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது நின்றுவிடுகிறது. மேலே போய்க் கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடுகிறது. கேஸ் கம்மி என்கிறார் ஒரு மெக்கானிக், ஸ்விட்ச் போச்சு என்கிறார் இன்னொருவர். நானும் வயர் போட்டுவிடலாமா?”

வேண்டாம். அந்த வயர் எதையும் சரிசெய்யவில்லை. புகார் சொன்ன வாயை அடைத்திருக்கிறது. கம்ப்ரஸரை நிறுத்தியது ஸ்விட்ச் என்பதாலேயே கோளாறும் ஸ்விட்சில்தான் என்று ஆகிவிடாது.

கட்டைவிரல் பருமனுள்ள இந்தச் சாமான், கண்டென்சரிலிருந்து வெளிவரும் மெல்லிய அலுமினியக் குழாயிலோ டிரையரின் தலையிலோ திருகியிருக்கும். குழாயில் அழுத்தம் ரொம்பக் குறைந்தாலும் ரொம்ப ஏறினாலும் கம்ப்ரஸர் கிளட்சுக்குப் போகிற கரண்டை வெட்டுவது அதன் வேலை. பல ஜப்பானிய வடிவமைப்புகளில் கீழ் எல்லை சுமார் 2 பார், மேல் எல்லை சுமார் 31 பார். நான்கு பின் உள்ள ஸ்விட்சாக இருந்தால் 15 பார் அளவில் ஃபேனுக்கென்று தனியாக ஒரு தொடர்பும் உண்டு. 31 பார் என்பது 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட அழுத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஸ்விட்சுக்குள் பேட்டரியும் கிடையாது, சிப்பும் கிடையாது. இருப்பது ஒரு மெல்லிய எஃகு வில்லை, லேசாகக் குவிந்தது. வீரபாண்டி சித்திரைத் திருவிழா மாதிரிக் கூட்டங்களில் பிள்ளைகள் வாங்கி, வீட்டையே இரண்டாக்கும் தகரத் தவளையை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் தகட்டை அழுத்தினால் ‘டிக்’, விட்டால் ‘டக்’. மெதுவாக அழுத்திப் பாருங்கள்: தகடு கொஞ்ச தூரம் முரண்டு பிடிக்கும், பிறகு ஒரே துள்ளலில் மறுபக்கம் போய்விடும். பாதி ‘டிக்’ என்று ஒன்று கிடையாது. மின்தொடர்புக்கு வேண்டியதும் இதுவே. மெல்ல மெல்லப் பிரிகிற தொடர்புமுனைகளுக்கு நடுவே தீப்பொறி நின்று எரிந்து முனையைக் கருக்கிவிடும்; துள்ளிப் பிரிந்தால் பொறிக்கு நேரம் இல்லை.

தவளை துள்ளுமா துள்ளாதா என்பதை ஒரு விகிதம் தீர்மானிக்கிறது. கூம்புத் தட்டு ஸ்பிரிங் ஒன்றின் குவிவு உயரத்தை அதன் தகட்டுத் தடிமனால் வகுங்கள். விடை 1.41-க்குக் கீழே, அதாவது 2-இன் வர்க்கமூலத்துக்குக் கீழே இருந்தால், அது சாதுவாக வளையும், சத்தமே வராது. 1.41-ஐத் தாண்டினால் துள்ளும். அதன் இரு மடங்கான 2.83-ஐயும் தாண்டினால் துள்ளியது துள்ளியதுதான். கையை எடுத்தாலும் திரும்பாது. தானாகத் திரும்ப வேண்டிய ஸ்விட்சுக்கான வில்லையை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் வடிக்க முடியும்.

திரும்புவதிலும் ஒரு பிடிவாதம் இருக்கிறது. போன அழுத்தத்திலேயே அது திரும்பி வராது. 31 பாரில் வெட்டிய வில்லை, அழுத்தம் 25 பார் அளவுக்கு இறங்கினால்தான் மறுபடி சேர்க்கும். கீழ் எல்லைக்கான வில்லைக்கோ இந்த இடைவெளி வெறும் 0.2 பார் அளவுதான். ஆக ஒரே கூட்டுக்குள் இரண்டு தவளைகள்: ஒன்று பசி பொறுக்காதது, மற்றொன்று அஜீரணக்காரத் தவளை. பசித் தவளைக்கு ஒரு வாய் கிடைத்தால் போதும், உடனே சமாதானமாகிவிடும். அஜீரணக்காரர் ஒருமுறை கோபித்துக்கொண்டால் உண்டது நன்றாகச் செரிக்கும்வரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான்கு பின் ஸ்விட்சில் விசிறி கேட்கிற மூன்றாவது தவளையும் உண்டு. இதற்கு மேல் இழுத்தால் தவளைக்குக் கால் பிய்ந்துவிடும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: தட்டு ஸ்பிரிங்குகளின் கணக்கை ஆல்மன், லாஸ்லோ என்ற இரண்டு பொறியாளர்கள் 1936-இல் வெளியிட்டார்கள். 1940-ஆம் ஆண்டு மாடல் பேக்கார்டு காரில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கொடுத்தபோது கிளட்சே கிடையாது. ஏசியை நிறுத்த வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். போதும்.

இனிக் குமுளி மலைக்கு வருவோம். நம் கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ வாயு, கண்டென்சரில் சுமார் 90 டிகிரி வெப்பத்தில் திரவமாக நேர்ந்தால்தான் அழுத்தம் 31 பாரைத் தொடும். தேனி மாவட்டத்து மே மாத வெயிலும் முதல் கியர் ஏற்றமும் சேர்ந்தால்கூட, ஃபேன் ஒழுங்காகச் சுற்றும் காரில் அந்த அளவு வராது. சமவெளியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விப்பதால் பழுதான ஃபேன் வெளியே தெரியாது. தேக்கடி சீசன் நெரிசலில் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஃபேன் சரியாக இருந்தால் கண்டென்சர் இடுக்குகளில் புழுதியும் வைக்கோல் தூசும் பூச்சிகளும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் சந்தேகம் கேஸின் மேல் போகும், ஆனால் தலைகீழாக: கேஸ் கம்மி இல்லை, கூடுதல். அல்லது வேக்கம் போடாமல் கேஸ் அடித்ததில் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. கேஸ் கொஞ்சம் குறைந்தால் குளிர்ச்சி குறையும். உயர் அழுத்தக் குழாயில் இருக்கிற பசித் தவளை விழ வேண்டுமானால் வாயு கிட்டத்தட்ட காலியாகியிருக்க வேண்டும். அது மலைக்கு மேலே போனதும் தானாக நிரம்பிக்கொள்ளாது. இந்த வாசகரின் வண்டியில் மேலும் கேஸ் அடித்தால் அஜீரணம்தான் கூடும்.

இன்னொன்று, கோளாறே இல்லாமலும் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் பல கார்களில் இசியு தானே கம்ப்ரஸரை விட்டுவிடும், இன்ஜினுக்குத் தெம்பு மிஞ்ச. காலைத் தளர்த்திய சில நொடிகளில் ஏசி வந்துவிட்டால் அதுதான் காரணம். காலைத் தளர்த்தியும் வெகுநேரம் வரவில்லையென்றால் அஜீரணக்காரர். ரோட்டுக் குழியில் விழும்போதெல்லாம் ஏசி போய் வந்தால் கப்ளரைச் சந்தேகியுங்கள்.

ஸ்விட்சைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. வண்டி ஆறியபின், இன்ஜினை அணைத்துவிட்டு, மேனிஃபோல்டு கேஜை மாட்டுங்கள். உள்ளே துளி திரவம் மிச்சம் இருந்தாலும் அழுத்தத்தை வெளிவெப்பமே நிர்ணயிக்கும்: 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114. கேஜ் அந்த அளவைக் காட்டினால் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று அதிலிருந்து தெரியாது. ஆனால் காலி இல்லை என்பது உறுதி. இப்போது கப்ளரைக் கழற்றி, கம்ப்ரஸருக்கான இரண்டு பின்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்விட்ச் போய்விட்டது. தொடர்பு இருந்தால் ஸ்விட்சைக் குறை சொல்லாமல் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் என்று மேலே நகருங்கள். மெக்கானிக்குகள் ‘டைரக்ட்’ கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. கேஜ் மாட்டியிருக்கும்போது, சில நொடிகளுக்கு மட்டும் என்றால் அது சோதனை. அப்படியே விட்டு ஓட்டினால் கேஸ் காலியான நாளில் அதோடு சுற்ற வேண்டிய ஆயில் சுற்றாமல் கம்ப்ரஸர் ஜாம் ஆகும். ஃபேன் நின்ற நாளில் ஹோஸ் வெடிக்கலாம். மூன்று பின் இருந்தால் அது ஸ்விட்சே இல்லை, 5 வோல்ட்டில் இயங்கும் சென்சார். அதில் வயரைச் செருகாதீர்கள். ஸ்கேனரில் வரும் அழுத்தத்தைக் கேஜோடு ஒப்பிட்டால் போதும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய இடம் ஸ்விட்சின் அடியில் இருக்கிறது. பல கார்களில் அங்கே டயர் வால்வு போன்ற ஒரு பின் வால்வு உண்டு. கழற்றும்போது ‘புஸ்’ என்று லேசான சத்தத்தோடு அடைத்துக்கொள்ளும், கேஸ் போகாது. எல்லாக் காரிலும் இது கிடையாது. இல்லாத காரில் முதலில் மெஷின் வைத்துக் கேஸை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம் விரலிலும் கண்ணிலும் அடிக்கும். கண்ணாடி, கையுறை இரண்டும் கட்டாயம். புது ஓ-ரிங்கில் கம்ப்ரஸர் ஆயிலைத் தடவிக் கையால் திருகி, பிறகு அளவாக முறுக்குங்கள். அலுமினியப் புரி பலத்துக்கு மசியாது, பிய்ந்துகொள்ளும். கடைசியில் சோப்பு நுரை வைத்து லீக் பார்க்க வேண்டும்.

வருடா வருடம் ‘டாப்-அப்’ விற்கும் சர்வீஸ் முகாம் விளம்பரங்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. ஒரே வருடத்தில் குறைந்தால் எங்கோ நன்றாகக் கசிகிறது. கசிகிற ஒவ்வொரு கிலோ ஆர்-134ஏவும் ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஆகவே ‘கேஸ் கம்மி’ என்று சொல்பவரிடம் எத்தனை கிராம் எடுத்தீர்கள், எத்தனை கிராம் போட்டீர்கள் என்று கேளுங்கள். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கம்பெனி அளவு கிராமில்தான் இருக்கிறது. எடை போடாமல் அடிப்பவர் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.