இருக்கை உரிமை

இருக்கை உரிமை என்பது கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்றபடி பணிபுரிவோர் வேலைக்கு இடையே அமர்வதற்கான சட்ட உரிமை ஆகும்.

பின்னணி

துணிக்கடை, நகைக்கடை விற்பனையாளர்கள் நாள் முழுவதும் நிற்க நேர்கிறது. அசையாமல் நெடுநேரம் நிற்கும்போது கால் தசைகள் போதிய அளவு இயங்குவதில்லை. இதனால் குருதி இதயத்திற்குத் திரும்புவது மந்தமாகிக் கால்களில் தேங்குகிறது. கால்வீக்கம், முதுகுவலி, வெரிகோஸ் எனப்படும் சுருள்சிரை நோய் ஆகியன இதனோடு தொடர்புடையவை.

சட்டம்

பெண் தொழிலாளர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து கேரளம் 2018 இல் இவ்வுரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021 இல் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருத்தல் வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பது இதன் சாரம்.

அலுவலகப் பணி

நாள் முழுவதும் அமர்ந்திருப்பதும் தீங்கானதே. எனவே கணினிப் பணியாளர்கள் இடையிடையே எழுந்து நடத்தல் நன்று.